தூங்க வைத்த கணினி தானாக எழுந்துவிடுகிறது: மவுஸா, கீபோர்டா, மதர்போர்டா?

#1 நிலாமுற்றம்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறேன். வீட்டு டெஸ்க்டாப், லினக்ஸ். வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் ஒரே டாங்கிளில், அதாவது யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவரில், ஓடுகின்றன. சஸ்பெண்ட் (தூங்க வைக்கும் கட்டளை) கொடுத்தால் விசிறி நிற்கிறது, பவர் விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. அப்புறம் யாரும் தொடாமலே, சில நேரம் ஒரே நிமிடத்தில், சில நேரம் பத்து நிமிடம் கழித்து, திரை பளிச்சென்று எரிகிறது. கணினி இருப்பது அப்பா படுக்கும் அறையில். நள்ளிரவு வெளிச்சத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இணையத்தில் தேடியபோது, யுஎஸ்பி கன்ட்ரோலர் கணினியை எழுப்புவதைத் தடுக்கச் சொன்னார்கள். ப்ராக் கோப்பகத்தில் ஏசிபிஐக்குள் (மின்சார நிர்வாகத்துக்கான பகுதி) வேக்அப் என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அதில் எக்ஸ்ஹெச்சி என்ற அந்தக் கன்ட்ரோலரின் பெயரை எழுத வேண்டும். ஒவ்வொரு முறை தூங்கப் போகும் முன்னும் அதை எழுதும்படி ஒரு ஸ்கிரிப்ட் செய்து, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் கோப்பகத்தில் போட்டேன். குழப்பம் அதற்குப் பிறகுதான் கூடியது. முன்பெல்லாம் எப்போதும் எழுந்தது. இப்போது சில முறை விடியும்வரை தூங்குகிறது, சில முறை எழுந்துவிடுகிறது. ரீபூட் செய்த பின் முதல் முறை மட்டும் எப்போதும் நன்றாகத் தூங்குவது போலத் தோன்றுகிறது.

நன்றாகத் தூங்கும் நாளில் வேறு தொல்லை. காலையில் கீபோர்டைத் தட்டினால் எழுவதே இல்லை, பவர் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. கேபினட் மேசைக்கு அடியில் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் வரும்வரை காத்திருக்கிறார்.

மதர்போர்டை மாற்றிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். அதற்கு முன் ஒரு முறை உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 தேர்வடம்

மதர்போர்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். இரண்டு விஷயம் முதலில் தெரிய வேண்டும்.

ஒன்று, உங்கள் கணினி உண்மையில் தூங்குகிறதா, அல்லது தூங்கப் போய்ப் பாதியிலேயே திரும்பிவிடுகிறதா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகில் 'சஸ்பெண்ட் என்ட்ரி', 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்று இரண்டு வரிகள் வரும். இடையில், சில சாதனங்கள் தூங்க மறுத்தன அல்லது எழுப்பும் சமிக்ஞை முன்கூட்டியே வந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தால், அது பாதியில் திரும்பிய வழக்கு. அந்த வரி இல்லாவிட்டால் தூங்கிய பின்தான் யாரோ எழுப்புகிறார்கள்.

இரண்டாவது, எந்த வகைத் தூக்கம்? சிஸ் கோப்பகத்தில் பவருக்குள் மெம்-ஸ்லீப் என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். டீப் என்ற சொல் சதுர அடைப்புக்குள் இருந்தால் அது எஸ்3, அதாவது நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும் பழைய ஆழ்ந்த தூக்கம். எஸ்2-ஐடில் என்பது அடைப்புக்குள் இருந்தால் செயலி ஓய்வில் இருக்கிறதே தவிரக் கணினி முழுதாகப் படுக்கவில்லை. இரண்டிலும் விசாரணை வேறு வேறு.

முடிந்தால் கடந்த இரண்டு நாளில் எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்று நேரத்தோடு எழுதுங்கள். 'சில நேரம்' என்பதை வைத்து எதையும் பிடிக்க முடியாது.

#3 சிறுபொறி

டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். யுஎஸ்பி 3 தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் போதும்.

#4 தேர்வடம்

சிறுபொறி சொல்லும் இரைச்சல் உண்மையானதுதான், மவுஸ் திக்கித் திணறினால் நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் கணினி தூங்கும்போது யுஎஸ்பி 3 வழியே தரவு எதுவும் ஓடுவதில்லை. தூக்கத்தைக் கலைப்பதற்கு அது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேபிள் போடுவதில் தவறில்லை, ஆனால் நிலாமுற்றம் அதோடு நிறுத்திவிட வேண்டாம்.

#5 நிலாமுற்றம்

இருவருக்கும் நன்றி. மெம்-ஸ்லீப் கோப்பில் டீப் என்பதுதான் அடைப்புக்குள் இருக்கிறது. லாகில் என்ட்ரியும் எக்ஸிட்டும் முறையாக வருகின்றன, தூங்க மறுத்ததாக ஒரு வரியும் இல்லை.

நேரங்கள் இவை. முந்தாநாள் இரவு ரீபூட் செய்துவிட்டு 10:48-க்குத் தூங்க வைத்தேன், காலை 6:30-க்கு நான் பவர் பொத்தானை அழுத்தும்வரை தூங்கியது. மதியம் 1:05-க்குத் தூங்க வைத்தேன், 1:06-க்கே எழுந்துவிட்டது. 3:20-க்கு மறுபடி, மாலை 5 வரை அசையவில்லை. 5:30-க்கு மறுபடி, 5:41-க்குத் தானாக எழுந்தது. இரவு 11-க்கு, காலைவரை தூக்கம். இன்று காலை 9-க்கு, இரண்டு நிமிடத்தில் விழிப்பு.

வெப்பமா, மின்னழுத்தமா, எதோடும் பொருந்தவில்லை.

#6 பழையமரம்

நிலாமுற்றம், நீங்கள் எழுதிய நேரங்களை மறந்துவிட்டு விளைவை மட்டும் வரிசையாகப் படியுங்கள். தூக்கம், விழிப்பு, தூக்கம், விழிப்பு, தூக்கம், விழிப்பு.

உங்கள் கணினி ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. அந்த வேக்அப் கோப்பில் ஒரு சாதனத்தின் பெயரை எழுதினால் அது 'தடை செய்' என்று பொருளல்ல, 'இப்போதுள்ள நிலையை மாற்று' என்று பொருள். இயங்கிக்கொண்டிருந்தால் நிற்கும், நின்றிருந்தால் இயங்கும். அறையின் விளக்கு சுவிட்சைப் போலத்தான்: இரண்டு முறை தட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தூக்கத்துக்கும் முன்னால் ஒரு முறை தட்டுகிறது. ரீபூட் ஆனதும் எக்ஸ்ஹெச்சி 'எனேபிள்டு' நிலையில் இருக்கும். முதல் தூக்கத்துக்கு முன் ஸ்கிரிப்ட் தட்டியதும் 'டிசேபிள்டு' ஆகிறது. யாராலும் யுஎஸ்பி வழியாக எழுப்ப முடியாது, அதனால் நல்ல தூக்கம். அதே காரணத்தால்தான் காலையில் கீபோர்டைத் தட்டினாலும் எழவில்லை. அப்பாவின் கணினி கெடவில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டபடிதான் யுஎஸ்பியின் பேச்சைக் கேட்காமல் இருந்தது. இரண்டாவது தூக்கத்துக்கு முன் ஸ்கிரிப்ட் மறுபடி தட்டுகிறது, கதவு திறந்துகொள்கிறது, பழைய தொல்லை திரும்புகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கோப்பைப் படியுங்கள். முதல் பத்தியில் சாதனத்தின் பெயர், அடுத்தது எந்த ஆழம்வரை எழுப்ப முடியும் என்பது, மூன்றாவதில் எனேபிள்டா டிசேபிள்டா என்று இருக்கும். சஸ்பெண்ட் செய்து எழுப்பிவிட்டு மறுபடி படியுங்கள். மாறியிருக்கும்.

இந்தக் கோப்பைப் பற்றி எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். நானே ஒரு காலத்தில் இதில் நான்கு நாள் தொலைத்திருக்கிறேன். இப்படித்தான் செய்வேன் என்று உறுதியாக இருந்தால், ஸ்கிரிப்டில் முதலில் நிலையைப் படித்து, எனேபிள்டாக இருந்தால் மட்டும் எழுதும்படி ஒரு நிபந்தனை போடுங்கள்.

ஆனால் நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். காரணம் உங்கள் அப்பா. கன்ட்ரோலரையே அடைத்தால் அவர் மேசையில் உட்கார்ந்தபடி கணினியை எழுப்ப வழியில்லாமல் போகும். எந்தச் சாதனம் எழுப்புகிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்துவோம்.

#7 நிலாமுற்றம்

ஐயா, இப்போதுதான் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மூன்று வாரமாக எதை எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டை உடனே நீக்கிவிட்டேன்.

இப்போது பழையபடி எப்போதும் எழுந்துவிடுகிறது. குறைந்தபட்சம் ஒரே மாதிரி நடக்கிறது என்பதே நிம்மதி. ஒன்று மட்டும் புரியவில்லை. லினக்ஸில் கீபோர்டு மட்டும்தான் இயல்பாகக் கணினியை எழுப்பும், மவுஸ் எழுப்பாது என்று படித்தேன். இரவில் கீபோர்டை யாரும் தொடுவதில்லை, அது மேசையின் இழுப்பறையில் இருக்கும். மவுஸ் மட்டும்தான் மேலே. பின் யார் எழுப்புகிறார்கள்?

#8 பழையமரம்

நீங்கள் படித்தது சரிதான். தனியாகச் செருகிய யுஎஸ்பி மவுஸுக்கு எழுப்பும் உரிமையைக் கெர்னல் தானாகக் கொடுப்பதில்லை, கீபோர்டுக்குக் கொடுக்கிறது. ஆனால் உங்கள் மேசையில் கணினியின் கண்ணுக்குத் தெரிவது கீபோர்டும் அல்ல, மவுஸும் அல்ல. டாங்கிள் மட்டும்தான்.

அந்த டாங்கிள் செருகப்பட்டதும் கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது: "எனக்குள் ஒரு கீபோர்டு இருக்கிறது, ஒரு மவுஸ் இருக்கிறது." யுஎஸ்பி மொழியில் இவற்றை இன்டர்ஃபேஸ் என்பார்கள். கீபோர்டு இன்டர்ஃபேஸைப் பார்த்ததும் கெர்னல், சரி, இது கீபோர்டு என்று எழுப்பும் உரிமையைக் கொடுத்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், யுஎஸ்பி 2-இல் அந்த உரிமை முழுச் சாதனத்துக்கும் சேர்த்துத்தான். உள்ளே இருக்கும் கீபோர்டு பகுதிக்குக் கொடு, மவுஸ் பகுதிக்குக் கொடுக்காதே என்று பிரித்துச் சொல்ல இடமில்லை. கீபோர்டின் பெயரில் கொடுத்த உரிமையை மவுஸும் பயன்படுத்திக்கொள்கிறது. மவுஸை மட்டும் தனியாக வாங்கி டாங்கிளோடு செருகியவர்களுக்கும் இது நடக்கும், ஏனென்றால் அந்த டாங்கிள்களிலும் பலவற்றில் ஒரு கீபோர்டு இன்டர்ஃபேஸ் இருக்கிறது.

எஸ்3 தூக்கத்தில் கணினி அணைந்தது போலத் தெரிந்தாலும், பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் யுஎஸ்பி போர்ட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சொற்ப மின்சாரத்தில் டாங்கிள் விழித்திருந்து காது கொடுக்கிறது. மவுஸிடமிருந்து ஏதாவது வந்தால் யுஎஸ்பி கம்பியில் ஒரு சமிக்ஞையை சில மில்லிவினாடி பிடித்து வைக்கிறது. கன்ட்ரோலர் அதைக் கேட்டதும் கணினி எழுகிறது. என்ன வந்தது, அசைவா, கிளிக்கா, எவ்வளவு தூரம் அசைந்தது என்றெல்லாம் அந்த நொடியில் யாரும் கேட்பதில்லை.

ஆக, அடுத்த கேள்வி: யாரும் தொடாத மவுஸ் ஏன் பேசுகிறது? இதற்கு, கீபோர்டு, மவுஸ் உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் தொகுப்பில் 'டீபக்-ஈவென்ட்ஸ்' என்ற கட்டளை உதவும். அதை டெர்மினலில் ஓடவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் திரையைப் பாருங்கள். தொடாத மவுஸிலிருந்து 'பாயின்டர் மோஷன்' வரிகள் வந்தால் சென்சார் இல்லாத அசைவைப் பார்க்கிறது என்று அர்த்தம். அப்புறம் மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒரு முறை. உங்கள் மேசையின் மேற்பரப்பு என்ன?

#9 நிலாமுற்றம்

கண்ணாடி மேசை. மவுஸ் மேட் போடவில்லை. இன்று இரவு செய்து பார்க்கிறேன்.

#10 தினக்குறிப்பு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் விண்டோஸ். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பண்புகளைத் திறந்து, 'இந்தச் சாதனம் கணினியை எழுப்ப அனுமதி' என்ற டிக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் மவுஸ் அசைந்தால் எழுகிறது. என்னுடையதும் டாங்கிள்தான்.

#11 தேர்வடம்

பழையமரம் மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் டாங்கிள் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் ஒரு முறையும் கீபோர்டு பட்டியலில் ஒரு முறையும் வந்திருக்கும். நீங்கள் மவுஸ் பக்கம் மட்டும் டிக்கை எடுத்திருப்பீர்கள். கீபோர்டு பக்கம் டிக் இருக்கும்வரை டாங்கிளுக்கு உரிமை இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையை 'டிவைஸ்கொயரி வேக்-ஆர்ம்டு' என்ற தேர்வோடு கொடுங்கள். இந்த நொடியில் எழுப்பும் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் வரும். 'லாஸ்ட்வேக்' என்ற தேர்வு கடைசியாக யார் எழுப்பினார்கள் என்று சொல்லும். அது வெறுமையாக வந்தால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து, பவர்-ட்ரபுள்ஷூட்டர் என்ற மூலத்தின் 1-ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள். 'வேக்டைமர்ஸ்' தேர்வையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். அப்டேட் போன்ற வேலைகள் கடிகாரம் வைத்து எழுப்பும் வழக்கம் உண்டு, அதற்குப் பாவம் மவுஸைக் குறை சொல்லக் கூடாது.

#12 தினக்குறிப்பு

கீபோர்டு பட்டியலில் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இரண்டாவதில் நின்றது. நன்றி.

#13 பயணப்பை

என் லேப்டாப்பில் மூடியை மூடி பையில் வைத்தால், எடுக்கும்போது அடுப்பு போலச் சூடாக இருக்கிறது, பேட்டரி காலி. டாங்கிள் கிடையாது, மவுஸ் கிடையாது. மெம்-ஸ்லீப் கோப்பில் எஸ்2-ஐடில் மட்டும்தான் இருக்கிறது, டீப் என்ற சொல்லே இல்லை. இது இன்புட் சாதனப் பிரச்சினையா என்றுகூடத் தெரியவில்லை.

#14 பழையமரம்

இருக்கலாம். எழுந்தவுடனே சிஸ் கோப்பகத்தில் பவருக்குள் பிஎம்-வேக்அப்-ஐஆர்க்யூ என்ற கோப்பைப் படியுங்கள். கணினியை எழுப்பிய குறுக்கீட்டின் எண் அதில் இருக்கும். 9 என்றால் பெரும்பாலும் ஏசிபிஐ, அதாவது மூடி, பவர் பொத்தான், சார்ஜர் போன்றவை. 12 என்றால் பழைய பிஎஸ்/2 வழியில் வரும் டச்பேட். 1 என்றால் கீபோர்டு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் கீபோர்டுக்குக் கொடுத்த அதே 1 இன்றைய லேப்டாப்பின் உள்கீபோர்டு வரைக்கும் வந்திருக்கிறது.

#15 பயணப்பை

இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் 1.

#16 பழையமரம்

அப்படியானால் உள்கீபோர்டுதான். எஸ்2-ஐடில் தூக்கத்தில் அது கணினியை எழுப்பலாம் என்பது கெர்னலின் இயல்பான ஏற்பாடு. பையில் மற்ற பொருட்களின் அழுத்தத்தில் மூடி வளைந்து ஏதாவது ஒரு விசை அழுந்தினால் போதும். சில லேப்டாப்களில் விசை அழுந்தாமலே ஃபர்ம்வேர் கோளாறால் 1-ஆம் எண் குறுக்கீடு வருவதும் உண்டு, பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிஸ் கோப்பகத்தில் டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ஐ8042, சீரியோ0, பவர் என்று வரிசையாக உள்ளே போனால் வேக்அப் என்ற கோப்பு இருக்கும். அதில் 'டிசேபிள்டு' என்று எழுதுங்கள். இந்தக் கோப்பு சுவிட்ச் அல்ல, என்ன எழுதுகிறீர்களோ அதுவாகவே நிற்கும். மூடியைத் திறந்தால் எழுவது இதனால் கெடாது, அது வேறு வழியில் வருகிறது.

#17 சிறுபொறி

கேட்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். இவ்வளவு எதற்கு? எல்லாச் சாதனங்களின் வேக்அப்பையும் மொத்தமாக டிசேபிள் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே. பவர் பொத்தான் எப்போதும் இருக்கிறது.

#18 தேர்வடம்

பவர் பொத்தான் எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரி. நிலாமுற்றத்தின் அப்பாவை நினைத்துப் பாருங்கள். கையசைவு குறைந்தவர்கள், குனிய முடியாதவர்கள், இவர்களுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டி எழுப்புவது சொகுசு அல்ல, கணினியைத் தனியாகப் பயன்படுத்த இருக்கும் ஒரே வழி. எழுப்ப யாருக்கு உரிமை என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிடுவது தீர்வாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. மொத்தமாக அடைத்துவிட்டால், எதனால் பிரச்சினை வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். நாளைக்குக் கணினி தானாகத் தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், அதே நடுங்கும் மவுஸ்தான், சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் ஐடில் டைமரைத் திரும்பத் திரும்பச் சுழியத்துக்குக் கொண்டு போகிறது என்று அப்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

#19 சிறுபொறி

நியாயம்தான். என் மேசையில் பொத்தான் கைக்கருகில் இருப்பதால் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

#20 நிலாமுற்றம்

சோதனை முடிந்தது. லிப்இன்புட் கட்டளையை ஓடவிட்டு அறையின் மூலையில் போய் நின்றேன். மவுஸ் கண்ணாடியின் மேல். முதல் ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒரு வரி, பத்து வினாடி கழித்து இரண்டு வரி, திடீரென்று ஏழெட்டு. ஒரு அட்டையை எடுத்து மவுஸுக்கு அடியில் வைத்தேன். இருபது நிமிடம் ஒரு வரிகூட வரவில்லை. கவிழ்த்து வைத்தபோதும் வரவில்லை.

கண்ணாடியில் ஒளி ஊடுருவிப் போய்விடுவதால் சென்சாருக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். பகலில் வேலை செய்யும்போது சுட்டி லேசாக நடுங்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

#21 பழையமரம்

அருமை. மேட் ஒன்று போடுங்கள், பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள், ஏனென்றால் யாராவது மேசையில் இடித்தாலும் மவுஸ் அசையும்.

வீட்டில் பழைய வயர் கீபோர்டு இருந்தால் அதை அப்பாவுக்காகச் செருகி வையுங்கள். எழுப்பும் உரிமை அதற்கு இயல்பாகவே இருக்கும். டாங்கிளின் உரிமையை மட்டும், சாதனம் செருகப்படும்போது அமைப்புகளைச் செய்யும் ஒரு யுடெவ் விதியால் எடுத்துவிடலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை டாங்கிளின் விற்பனையாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் காட்டும். விதியில், யுஎஸ்பி சப்சிஸ்டத்தில் இந்த இரண்டு எண்களும் கொண்ட சாதனம் சேர்க்கப்படும்போது அதன் பவர்/வேக்அப் பண்பை டிசேபிள்டு ஆக்கு என்று எழுத வேண்டும். எண்களை வைத்து எழுதுவதால் டாங்கிளை எந்த போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் விதி பொருந்தும்.

எழுதியதை நம்பி விட்டுவிடாதீர்கள். ரீபூட் செய்து, டாங்கிளின் பவர் கோப்பகத்தில் வேக்அப் கோப்பை நேரில் படித்து உறுதிசெய்யுங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஆர்டிசிவேக் கட்டளை நல்லது. மெம் முறையில் 1800 வினாடி என்று கொடுத்தால் கணினி தூங்கி, சரியாக அரை மணியில் கடிகாரத்தால் எழும். அதற்கு முன் எழுந்தால் வேறு யாரோ இருக்கிறார்கள்.

#22 நிலாமுற்றம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று காத்திருந்தேன்.

மவுஸுக்கு அடியில் துணி மேட் போட்டாகிவிட்டது. யுடெவ் விதி எழுதி ரீபூட் செய்து படித்தேன், டிசேபிள்டு. ஆர்டிசிவேக் சோதனை இரண்டு முறை, இரண்டு முறையும் முழு அரை மணி. மவுஸை வேண்டுமென்றே ஆட்டினேன், கிளிக் செய்தேன், எழவில்லை. பழைய வயர் கீபோர்டு மேசைமேல் இருக்கிறது. அதில் ஸ்பேஸ் பாருக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன், எதைத் தட்ட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிவதற்காக.

ஏழு இரவும் கணினி தூங்கியது. இன்று காலை நான் எழுவதற்குள் அப்பாவே எழுப்பி உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயணப்பை, உங்கள் லேப்டாப் என்ன ஆயிற்று?

#23 பயணப்பை

சீரியோ0-வை டிசேபிள் செய்து ஐந்து நாளாகிறது. பையிலிருந்து எடுக்கும்போது சில்லென்று இருக்கிறது. பயாஸ் அப்டேட் ஒன்றும் வந்திருக்கிறது, அதைப் போட்டுவிட்டு, கீபோர்டை மறுபடி எனேபிள் செய்து பார்த்து எழுதுகிறேன்.